நூற்றுக்கு எத்தனை பேர்?

 

கடந்த ஆண்டு ஒரு நாள், மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து அருகில் அமர்ந்தார். இன்று அவர் சொந்தமாகக் கடை நடத்தும் குடும்பத் தலைவர். சலாம் சொன்னவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் 48 என்ற எண் மட்டும் எழுதப்பட்டு, அதைச் சுற்றி வட்டம் போடப்பட்டிருந்தது.

“ஹஜ்ரத், அத்தாவுக்கு அது மறுபடியும் வந்துவிட்டது” என்றார்.

அவருடைய தந்தையை நான் நன்கறிவேன். மூன்றாண்டுகளுக்கு முன் அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டு, கதிர்வீச்சுக் கொடுத்து, அறுவைச் சிகிச்சையும் செய்திருந்தார்கள். நோய் நீங்கிவிட்டது என்றே நாங்கள் அனைவரும் நம்பியிருந்தோம். ஐவேளையும் அவரைப் பள்ளியில் கண்டு வந்தோம். அண்மைக் காலமாகத்தான் உட்கார முடியாத வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இடுப்புக் குழிக்குள் கட்டி மீண்டும் வளர்ந்திருப்பது தெரிந்தது. “மிகப் பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், குடும்பத்தாரோடு கலந்து பேசி வாருங்கள்” என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் எங்கோ படித்துவிட்டு, அவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்தாலும் மூன்றாண்டு கழித்து நூற்றுக்கு 48 பேர்தாம் உயிரோடு இருக்கிறார்கள் என்று தொலைபேசியில் கூறியிருக்கிறார்.

“பாதிப் பேர்கூடப் பிழைப்பதில்லை என்றால், இந்த வயதில் அத்தாவை இந்தப் பாடு படுத்தலாமா ஹஜ்ரத்? வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பெற்ற பிள்ளைகளே அவரைக் கைவிட்டதாக ஆகிவிடாதா?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நான் கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் சொல்பவன், மருத்துவம் கற்றவனல்லன். ஆதலால் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்தவற்றையும், பழக்கமான அறுவை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். இஃது எந்த மருத்துவரின் ஆலோசனைக்கும் மாற்று அன்று. மருத்துவர் முன் போய் அமரும்போது என்ன கேட்பது என்று திகைத்து நிற்கும் குடும்பங்களுக்கு ஒரு துணை, அவ்வளவே.

நோய் இருக்கும் இடம்

பெருங்குடலின் கடைசிப் பகுதியே மலக்குடல். அதன் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான். ஆயினும் அது அமைந்துள்ள இடம் மிக நெருக்கடியானது. முன்புறம் சிறுநீர்ப்பை, ஆண்களுக்கு அதன் அடியில் பிராஸ்டேட் சுரப்பி, பெண்களுக்குக் கருப்பை. பின்புறம் முதுகெலும்பின் அடிப்பகுதியாகிய திரிக எலும்பு. இரு பக்கமும் கால்களுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும். இவையனைத்தும் இடுப்பெலும்பு என்னும் குறுகிய கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

முதல் அறுவைக்குப் பின் நோய் இரு வகையாகத் திரும்பக்கூடும். ஈரல், நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளில் தோன்றுவது ஒருவகை. பழைய இடத்திலேயே, அதாவது இடுப்புக் குழிக்குள்ளேயே மீண்டும் முளைப்பது மற்றொரு வகை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். நாம் இங்குப் பேசுவது பழைய இடத்தில் திரும்பியதைப் பற்றி. முன்பு வெட்டித் தைத்த இடத்தில் தழும்புத் திசு இறுகிக் கிடக்கும், கதிர்வீச்சும் பட்டிருக்கும். எது தழும்பு, எது நோய் என்று பிரித்தறிவதே கைதேர்ந்த மருத்துவருக்கும் கடினமான செயலாகும்.

மீண்டும் வருவது ஏன்?

நோயின் ஒரு சிறு துளி பின்தங்கிவிடுவதே பெரும்பாலும் காரணம். இதனை மருத்துவ உலகம் அறிந்து கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. லண்டனில் அறுவை மருத்துவராக இருந்த எர்னஸ்ட் மைல்ஸ், 1908-ஆம் ஆண்டில் தம் சொந்தக் கணக்கை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். அக்காலத்து முறைப்படி கீழ்வழியாக மட்டும் அறுத்து அவர் சிகிச்சை செய்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பிவிட்டது! வயிற்று வழியாகவும் கீழ்வழியாகவும் சேர்த்து அறுத்து, நோய் பரவும் பாதைகளையும் அகற்ற வேண்டும் என்ற புதிய முறையை அவர் வகுத்தது அந்தத் தோல்வியிலிருந்துதான். தம் தோல்வியை எண்ணிப் பார்த்து, அதை உலகறியச் சொன்ன அந்த நேர்மை, பின்னால் வந்த எண்ணற்ற உயிர்களுக்கு நன்மையாக முடிந்தது.

அதன் பின்னர், இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரைச் சேர்ந்த பில் ஹீல்டு என்ற மருத்துவர் 1982-இல் இன்னொரு நுட்பத்தை எடுத்துக் காட்டினார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புறை உண்டு. அந்த உறை கிழியாமல், குடலோடு முழுப் பொதியாக அதை வெளியே எடுத்துவிட்டால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்பதே அது. அறுவைக்கு முன் ஒரு வாரம் கதிர்வீச்சுக் கொடுத்துப் பார்த்த சுவீடன் நாட்டு ஆய்வு 1997-இல் வெளியாயிற்று. ஐந்தாண்டுகளில் பழைய இடத்தில் நோய் திரும்பியோர் நூற்றுக்கு 27 பேராக இருந்தது 11 ஆகக் குறைந்திருந்தது. உறையோடு எடுக்கும் முறையையும் கதிர்வீச்சையும் சேர்த்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில் (2001) இரண்டாண்டுகளில் திரும்பியோர் நூற்றுக்கு 2.4 பேர், கதிர்வீச்சு இன்றி அறுவை மட்டும் பெற்றோரில் 8.2 பேர்.

ஆகவே முதல் சிகிச்சையைத் தேர்ந்த கைகளில், முறையாகச் செய்து கொள்வதே நோய் திரும்பாமலிருக்கத் தலையாய வழி. அவ்வளவும் செய்தும் சிலருக்குத் திரும்பத்தான் செய்கிறது. அது நோயாளியின் குற்றமுமன்று, குடும்பத்தாரின் குற்றமுமன்று.

22 பேரில் ஐவர்

திரும்பி வந்த நோய் அண்டை உறுப்புகளைப் பற்றிக் கொள்வதால், கட்டியை மட்டும் கிள்ளி எடுக்க முடிவதில்லை. அது பற்றிய உறுப்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. சிலருக்குச் சிறுநீர்ப்பை, சிலருக்குக் கருப்பை, சிலருக்குத் திரிக எலும்பின் ஒரு பகுதி. நியூயார்க் நகர மருத்துவர் அலெக்சாண்டர் புருன்ஷ்விக், இடுப்புக் குழி முழுவதையும் காலி செய்யும் இவ்வறுவையை 1948-இல் முதன்முதலாக விவரித்து எழுதினார். முற்றிய புற்றுநோயால் துன்புற்ற 22 பேருக்கு அவர் அதைச் செய்திருந்தார். அவர்களில் ஐவர் அறுவையின் விளைவாகவே இறந்துபோயினர். அன்று பலரும் இதனைக் கொடுமை என்றே கருதினர்.

இன்று நிலைமை வேறு. பல நாடுகளின் சிறப்பு மருத்துவமனைகள் ஒன்றுகூடி, திரும்பிய மலக்குடல் புற்றுநோய்க்காக இந்தப் பேரறுவை செய்து கொண்ட 1184 பேரின் கணக்கைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டன. அவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 21 பேர். அதாவது நூற்றுக்கு 1.8. இரத்தம் ஏற்றும் முறை, மயக்க மருந்து, தீவிரக் கண்காணிப்பு, ஸ்கேன் ஆகியவற்றின் வளர்ச்சியும், இந்த அறுவையையே தொழிலாகக் கொண்ட மருத்துவக் குழுக்களின் அனுபவமும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது.

ஆயினும் அதே கணக்கில் வேறொரு வரியும் இருக்கிறது. நூற்றுக்கு 32 பேருக்குக் கடுமையான பின்விளைவுகள் ஏற்பட்டன. சீழ் பிடித்தல், புண் ஆறாமை, மீண்டும் அறுவை அரங்குக்குச் செல்லுதல் போன்ற துன்பங்களை மூவரில் ஒருவர் சந்திக்கிறார் என்பது இதன் பொருள். “ஆபரேஷன் நல்லபடி முடிந்தது” என்று மருத்துவர் சொன்ன மறுநாளே நோயாளி எழுந்து நடப்பார் என்று குடும்பத்தார் எதிர்பார்த்தல் ஆகாது.

அது எவருடைய 48?

இனி என் மாணவர் கொண்டுவந்த எண்ணுக்கு வருவோம். அந்த 48 இதே 2018-ஆம் ஆண்டுக் கணக்கில் உள்ளதுதான். ஆனால் அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்கள் தொலைபேசியில் விடுபட்டுப் போயிருந்தன.

வெட்டி எடுத்த சதையை ஆய்வுக்கூடத்தில் நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். அதன் விளிம்பில் ஒரு புற்றணுகூட இல்லை என்றால் அது தூய விளிம்பு. அறிக்கையில் ‘ஆர் 0’ என்று குறிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் விளிம்பில் தங்கியிருந்தால் ‘ஆர் 1’. கண்ணுக்குத் தெரியும் கட்டியையே விட்டுவர நேர்ந்திருந்தால் ‘ஆர் 2’. இந்த மூன்று நிலைகளுக்கும் மூன்று கணக்குகள் உண்டு. மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தோர், தூய விளிம்பு கிடைத்தவர்களில் நூற்றுக்கு 48 பேர். அணுக்கள் தங்கியவர்களில் நூற்றுக்கு 34 பேர். கட்டியே தங்கியவர்களில் நூற்றுக்கு 15 பேர்.

ஆக, 48 என்பது அறுவை செய்து கொண்ட எல்லாருடைய எண்ணும் அன்று. தூய விளிம்பு கிடைத்தவர்களின் எண் மட்டுமே. அந்த விளிம்பு எத்தனை பேருக்குக் கிடைத்தது? நூற்றுக்கு 55 பேருக்குத்தான். நூறு பேர் அறுவைக்குச் செல்வதாக வைத்துக் கொள்வோம். 55 பேருக்குத் தூய விளிம்பு கிடைக்கிறது. அந்த 55 பேரில் 26 அல்லது 27 பேர் மூன்றாண்டைக் கடக்கின்றனர். எஞ்சிய 45 பேரிலும் சிலர் கடக்கின்றனர். ஆனால் குறைந்த விகிதத்தில்.

மதரஸா ஆசிரியனாகிய எனக்கு இதில் இன்னொன்றும் புலப்பட்டது. ஒரு பள்ளிக்கூடம் தேர்ச்சி விகிதம் நூற்றுக்கு 90 என்று பெருமையாகச் சொல்லும். விசாரித்தால், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்வே எழுதவிடாமல் நிறுத்தியிருப்பார்கள். அறுவை மருத்துவர்கள் அந்த நோக்கத்தில் அப்படிச் செய்பவர்களல்லர். ஆயினும் கணக்கின் தன்மை அதுவே. நோய் ஈரலிலோ நுரையீரலிலோ பரவலாகத் தோன்றிவிட்டவர், கட்டி பெரிய நரம்புகளையும் எலும்பின் மேற்பகுதியையும் பற்றிக் கொண்டவர், இதயம் பலவீனமானவர் ஆகியோரில் பலர் இந்த அறுவைக்கு எடுத்துக் கொள்ளப்படுவதேயில்லை. 1184 பேரும் அறுவையைத் தாங்குவார்கள் என்று சலித்தெடுக்கப்பட்டவர்கள்.

அறுவை இல்லாமல் கதிர்வீச்சு, கீமோ ஆகியவற்றை மட்டும் பெறுவோரில் ஐந்தாண்டு வாழ்வோர் மிகச் சிலரே என்பது உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முதலிலேயே நோய் முற்றியவர்கள். ஆகவே இரு கூட்டத்தாரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த வேறுபாடு முழுவதும் கத்தியால் வந்தது என்று முடிவு கட்டுவது தவறு. கத்தியால் வந்தது ஒரு பங்கு. சலித்தெடுத்ததால் வந்தது ஒரு பங்கு.

இவ்வளவும் அறிந்த பின், நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கேள்வியை நாம் மாற்றிக் கேட்க வேண்டியவர்களாகிறோம். நம் நோயாளி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்? அவருக்குத் தூய விளிம்பு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு? இதற்கான விடை உலகக் கணக்கில் இல்லை; அவருடைய எம்.ஆர்.ஐ. படத்திலும், அதைப் படிக்கும் மருத்துவக் குழுவின் அனுபவத்திலும் இருக்கிறது.

நடு எண் ஒரு தவணை அன்று

அதே கணக்கில், தூய விளிம்பு பெற்றோரின் நடு ஆயுள் 36 மாதம் என்றும், மற்ற இரு நிலைகளில் முறையே 27 மாதம், 16 மாதம் என்றும் காணப்படுகிறது. இதைப் படித்துவிட்டு, “அத்தாவுக்கு இன்னும் 36 மாதம்தான்” என்று நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கும் வீடுகள் உண்டு. நடு எண் என்பது என்ன? 101 பேரை ஆயுளின் வரிசைப்படி நிறுத்தினால், நடுவில் நிற்கும் 51-ஆம் ஆளின் ஆயுள் அது. அவருக்கு முன்னால் 50 பேர், பின்னால் 50 பேர். பின்னால் நிற்பவர்களில் சிலர் வெகுதூரத்தில் நிற்கின்றனர்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் ஜே கூல்டு என்ற அறிவியலாளருக்கு 1982-இல் வயிற்றறையில் ஓர் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. நூலகத்துக்குச் சென்று படித்தார். நடு ஆயுள் எட்டு மாதம் என்றிருந்தது. அவர் துவண்டுவிடவில்லை. பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேல் வாழ்கிறார்கள் என்றுதானே இதன் பொருள் என்று சிந்தித்தார். இதனை 1985-இல் ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அதற்குப் பிறகும் நூல்கள் பல எழுதி, 2002-இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். எட்டு மாதம் என்ற எண் பொய்யன்று. அஃது அவருடைய தவணையாக இருக்கவில்லை. எல்லாருக்கும் இவ்வாறே அமையும் என்று சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. எண் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தனி மனிதனின் தவணையை அறிந்தவன் வல்ல நாயன் ஒருவனே.

எண்ணில் அடங்காதவை

உயிரோடு இருப்பது ஒன்று. எவ்வாறு இருப்பது என்பது மற்றொன்று. இவ்வறுவைக்குப் பின் பெரும்பாலோருக்கு வயிற்றில் மலம் வெளியேறும் பை நிரந்தரமாக அமையும். சிறுநீர்ப்பையையும் எடுத்துவிட்டால் சிறுநீருக்கும் ஒரு பை. புண் ஆறப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். நெடுநேரம் உட்காருவதில் சிரமம், கால் மரத்துப் போதல், இல்லற வாழ்வில் இழப்பு ஆகியன நேரலாம். இவற்றை முன்கூட்டியே கூச்சமின்றிக் கணவன் மனைவி இருவரிடமும் மருத்துவர் பேச வேண்டும். நாமும் கேட்க வேண்டும். முதல் சில மாதங்களில் வாழ்க்கையின் தரம் தாழ்ந்து, பின்னர் பலருக்கு மெல்ல மெல்லப் பழைய நிலையை நெருங்குகிறது என்பதே இதுகாறும் கண்ட அனுபவம். தாங்க முடியாத இடுப்பு வலியோடு வந்தவர்களில் பலருக்கு, வலியிலிருந்து விடுதலையே பெரும் பேறாக இருக்கிறது.

பை என்றவுடன் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுண்டு. உளூ எப்படி? தொழுகை எப்படி? பை இருந்தால் தொழ முடியாது என்று எண்ணி, சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. இது தேவையற்ற அச்சம். சிறுநீர் கட்டுப்படாதோர், இடைவிடாத உதிரப்போக்கு உடையோர் ஆகியோரை ‘மஅதூர்’, அதாவது தகுந்த காரணம் உடையவர் என்று ஃபிக்ஹு நூல்கள் வகைப்படுத்தி, அவர்களுக்கெனத் தனிச் சலுகைகளை விரிவாகக் கூறியுள்ளன. வயிற்றில் பை உள்ளவர்களையும் ஆலிம்கள் அவ்வகையிலேயே வைத்து வழி சொல்கின்றனர். தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து தொழுவதே அதன் சாரம். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் விவரங்கள் சற்று வேறுபடும். அவரவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்க. உறுதியாக ஒன்று சொல்லலாம்: பை தொழுகைக்குத் தடையன்று.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

என் மாணவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்த கேள்விகளை இங்கும் தருகிறேன்.

1. நோய் இடுப்புக் குழிக்குள் மட்டுந்தான் இருக்கிறதா? நெஞ்சு, ஈரல் ஆகியவற்றையும் ஸ்கேன் செய்து பார்த்தாயிற்றா?

2. அது எந்தெந்த உறுப்புகளைப் பற்றியிருக்கிறது? எவற்றை எடுக்க வேண்டிவரும்?

3. தூய விளிம்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா?

4. அறுவைக்கு முன் கீமோவோ, இரண்டாம் முறை கதிர்வீச்சோ கொடுக்க இயலுமா? முன்பு கொடுத்த கதிர்வீச்சின் அளவு கணக்கில் எடுத்துக் கொள்ளப்பட்டதா?

5. இந்த அறுவையை உங்கள் குழு ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறது? குடல், சிறுநீரகப் பாதை, எலும்பு, தோல் ஒட்டு ஆகியவற்றின் மருத்துவர்கள் ஒன்றாக இருந்து செய்வார்களா?

6. அறுவை வேண்டாம் என்றால், வலிக்கும் மற்றத் துன்பங்களுக்கும் என்ன வழி?

7. பைகள், புண் கட்டுதல் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் என்ன செலவாகும்? வீட்டில் அதைச் செய்ய யார் கற்றுத் தருவார்?

ஐந்தாம் கேள்வியைக் கேட்கப் பலரும் தயங்குவர். தயங்க வேண்டியதில்லை. இந்த அறுவையை அடிக்கடி செய்யும் இடத்தைத் தேடிச் செல்வது எந்த மருத்துவரையும் அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் தாமே அவ்விடத்துக்கு அனுப்பி வைப்பார்.

ஆறாம் கேள்வி அதே அளவு முக்கியமானது. தூய விளிம்புக்கு வாய்ப்பே இல்லை என்று மருத்துவக் குழு கருதுமானால், அல்லது நோயாளி தெளிந்த மனத்துடன் வேண்டாம் என்பாரானால், அறுவையைத் தவிர்ப்பது கைவிடுதல் அன்று. வலியைத் தணிக்கும் மருந்துகளும், கட்டியைச் சுருக்கும் கதிர்வீச்சும், நோய்த் தணிப்புச் சிகிச்சையும் உள்ளன. அவற்றை வீட்டாரின் அரவணைப்போடு பெற்று இருக்கும் நாட்களை அமைதியாகக் கழிப்பதும் கண்ணியமான வழியே.

நோயாளி எங்கே?

இவ்வளவையும் என் மாணவரிடம் சொல்லி முடித்தபின், “அத்தா என்ன சொல்கிறார்?” என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார். “அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை ஹஜ்ரத். பழைய புண்ணில் சிறிது கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறோம்.”

வாசகர்களே, இதில் நானும் குற்றமுடையவன். என் தாய்மாமனுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் இது போன்ற நோய் கண்டபோது, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் முடிவெடுத்தனர். நானும் உடன்பட்டேன். மனம் உடைந்துவிடுவார் என்று அஞ்சினோம். அவரோ கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக் கொண்டு, “எனக்கு எப்போதோ தெரியும். நீங்கள் பொய் சொல்லக் கஷ்டப்படுவீர்களே என்று நான் கேட்கவில்லை” என்றார். தீர்க்க வேண்டிய கடன்களையும் சொல்ல வேண்டிய வார்த்தைகளையும் சுமந்து கொண்டு அவர் எங்களுக்காக நடித்திருக்கிறார்! அன்று முதல் இவ்விஷயத்தில் என் கருத்து மாறிவிட்டது.

அடுத்த நாள் இஷாத் தொழுகைக்குப் பின் நாங்கள் இருவரும் அந்தப் பெரியவர் அருகில் அமர்ந்து உள்ளதைச் சொன்னோம். நூற்றுக்கு எத்தனை பேர் என்று அவர் கேட்கவேயில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார். “வலி குறையுமா?” என்பது ஒன்று. “பை வைத்தால் ஜமாஅத்துக்கு வரலாமா?” என்பது மற்றொன்று. முதலாவதை மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னோம். இரண்டாவதற்கு நான் பதில் சொன்னேன். மருத்துவக் குழு படங்களைப் பார்த்து, நோய் வேறெங்கும் இல்லை, முயன்று பார்க்கலாம், வலியும் குறைய வாய்ப்புண்டு என்று கூறியபோது, ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டவர் அவரே, பிள்ளைகளல்லர்.

மூலம் என்று இருந்துவிடாதீர்

முடிக்குமுன், நோய் இதுவரை வராத வீடுகளுக்கும் ஒரு சொல். மலத்தோடு இரத்தம் போனால், ‘மூலம்’ என்று நாமே பெயர் சூட்டி மாதக்கணக்கில் கைவைத்தியம் செய்து கொண்டிருக்கிறோம். பெண்கள் கூச்சத்தால் வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் மருத்துவர் விரலால் சோதித்தும் குழாய் வைத்தும் பார்த்த பின்பே அப்படிச் சொல்ல வேண்டும். மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும், இரத்தம் குறைந்து களைத்தாலும் காட்டிவிடுங்கள்.

ஒருமுறை சிகிச்சை பெற்றவர்கள், “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று தொடர் சோதனையை நிறுத்திவிடக் கூடாது. திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தலைகாட்டுகிறது. சி.இ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதற்கென்றே உள்ளன. குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 1202 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவே சோதனை செய்யப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 2 பேருக்குத்தான், திரும்பிய நோயைக் குணப்படுத்தும் நோக்கில் அறுவை செய்ய முடிந்தது. தீவிரமாகக் கண்காணிக்கப்பட்ட பிரிவுகளில் 7 அல்லது 8 பேருக்கு முடிந்தது. மொத்த இறப்பில் பெரிய வேறுபாடு அவ்வாய்வில் தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டால்தான், தூய விளிம்பு என்ற அந்த வாயில் திறந்திருக்கும்.

அந்தப் பெரியவருக்கு அறுவை நடந்தது. பதினொரு மணி நேரம் ஆயிற்று. திரிக எலும்பின் கீழ்ப்பகுதியை எடுத்தார்கள். சிறுநீர்ப்பையைக் காப்பாற்ற முடிந்தது. விளிம்பு தூயது என்று அறிக்கை வந்தது. புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. அந்த நான்கு மாதமும் அவருடைய மனைவியும் மருமகளும் பட்ட பாட்டை எந்தக் கணக்கும் எழுதி வைக்கவில்லை. இப்போது ஜும்ஆவுக்கு வருகிறார். கடைசி வரிசையில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்.

சென்ற வாரம் தொழுகை முடிந்து வெளியே வரும்போது என் மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், அத்தா அந்த 48 பேரில் சேர்ந்துவிட்டார் என்று வைத்துக் கொள்ளலாமா?”

“அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கிறது தம்பி. அந்தக் கணக்கை விடுங்கள். அத்தா வெளியே காத்திருக்கிறார், முதலில் அவருக்குச் செருப்பை எடுத்துக் கொடுங்கள்” என்றேன்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் ஷிஃபாவையும், பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.